பதினான்காம் நம்பர் வீட்டுக் குடித்தனக்காரர்கள்

கல்லுப்பாலம் ஊருணித் தெருவில், மதில் பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிற பதினான்காம் நம்பர் வீட்டில், வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் விடியலில் சோலையம்மாள் கண் விழித்தபோது, அவளுடைய தலைமாட்டில் நகைக்கடை முதலாளி ஒருவர் அரைக்கால் டிரவுசரோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், கால்மாட்டில் ஒரு பல் டாக்டர் குடும்பத்தோடு சுருண்டு கிடந்தார், பரண்மேல் வங்கி மேனேஜர் ஒருவர் தகர டின்களுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்கினார், கிரைண்டரைக் கட்டிப்பிடித்தபடி யாரோ ஒரு காண்ட்ராக்டர் கிடந்தார். அவள் பயந்து அலறவில்லை. எழுந்து, சேலையை உதறிச் செருகிக்கொண்டு, உளுந்து ஊறுகிற பாத்திரத்தின்மேல் விழுந்திருந்த ஒரு காலை விளக்குமாற்றால் தள்ளிவிட்டு, வாசல் தெளிக்கப் போனாள். வாசலிலும் ஆள் கிடந்தது. சரி, கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

கேட்டது முந்தின நாள். மதில் பள்ளிக்கூடத்துக்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு, ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. அதன் வாசல் மெயின் ரோட்டையும் முதுகு ஊருணித் தெருவையும் பார்த்திருந்தது. சோலையம்மாளின் மகள் கனிஷ்காவுக்கு அந்த முதுகுதான் பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் மிஸ் வருகைப்பதிவு வாசிக்கும்போது, இந்தப் பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு, யார் பேரைக் கூப்பிட்டாலும் ‘பிரசன்ட் மிஸ்’ என்று கத்துவாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், கனிஷ்காவும் சிரிப்பாள், மாவரைத்துக்கொண்டிருக்கிற சோலையம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வராது. மகளைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, அவளுடைய சொந்தப் பேருக்கே அவள் பிரசன்ட் சொல்லக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் இந்த உலகத்திடம் கேட்டது.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்கிற பிள்ளைகளுக்கே முதலிடம், அதிலும் இல்லாதப்பட்ட பிள்ளைகளுக்குச் சம்பளமே கிடையாது என்று விதி வந்தபோது ஊருணித் தெரு விழுந்து விழுந்து சிரித்தது. கிலோமீட்டராம்! எங்களுக்கும் அதுக்கும் நடுவில் ஒரு செங்கல் கனம்தானே என்றார்கள். ஆனால் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களைப் பலகையில் ஒட்டியபோது அந்தத் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட இல்லை. சோலையம்மாள் நேரே கரஸ்பாண்டண்ட் ராஜரத்தினத்திடம் போனாள். அவர் கோபப்படத் தெரியாத மனிதர், இல்லை என்பதைக்கூடக் கற்கண்டைக் கையில் வைப்பதுபோல வைப்பார்.

“உங்க வீட்லருந்தே ஏற்கெனவே நிறையப் பிள்ளைங்களுக்கு சீட் குடுத்தாச்சேம்மா,” என்றார். “ஒரே கதவு நம்பருக்கு எத்தனைதான் குடுக்கிறது? மத்த வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?”

எங்க வீட்டில் இருப்பது ஒரே பிள்ளை என்று அவள் சொன்னாள். அவர் பெரிய மனது பண்ணி கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். அதில் நகைக்கடை முதலாளியின் மகள் பதினான்காம் நம்பர் வீட்டில் குடியிருந்தாள், பல் டாக்டரின் மகன் குடியிருந்தான், ஊருக்கு மறுகோடியில் பொன்னகர் விரிவாக்கத்தில் மாடிமேல் மாடி கட்டியவர்களெல்லாம் அவளுடைய ஒற்றை அறையிலும் அடுப்படியிலும் வாடகைக்கு இருந்தார்கள், அத்தனை பேருக்கும் முத்திரைத்தாளில் ஒப்பந்தம், அத்தனையிலும் சாட்சி பத்திர எழுத்தர் குமரகுரு. ரேஷன் கார்டு மாற்றித் தருகிறேன் என்று அவளிடம் வீட்டு வரி ரசீது வாங்கி ஜெராக்ஸ் எடுத்துவைத்திருந்த அதே குமரகுரு. மனுஷன் கொஞ்சம் சிரமப்பட்டு ஆளுக்கொரு வீட்டைப் பிடித்திருக்கலாம், சோம்பேறித்தனத்தில் எல்லாரையும் ஒரே ரசீதில் குடிவைத்துவிட்டார். இல்லாத குடித்தனக்காரர்களால் வீடு நிறைந்துபோய், இருக்கிற பிள்ளைக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்த வட்டாரத்துப் பெண்கள் சும்மா மண்ணை வாரித் தூற்றமாட்டார்கள். புருஷன் அடித்தால் திட்டுவார்கள், பக்கத்து வீட்டுக்காரி வம்புக்கு வந்தால் கூந்தலைப் பிடிப்பார்கள், ஆனால் மண்ணை அள்ளுவது எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான், ஏனென்றால் தூற்றிய கை தானே வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்துத் திரும்ப எடுத்தாலொழிய அந்தச் சாபம் இறங்காது. சோலையம்மாள் வெளியே வந்தாள், பள்ளிக்கூட வாசலில் குனிந்தாள், அழகுக்காக வளர்த்திருந்த புல்லைப் பிய்த்து அடியிலிருந்த மண்ணை ஒரு பிடி அள்ளினாள், வாட்ச்மேன் பார்க்க, வந்துகொண்டிருந்த கார்கள் பார்க்க, கேட்டின்மேல் வீசினாள்.

“எங்க வீட்ல குடியிருக்கோம்னு சொன்னவுக எல்லாம் எங்க வீட்லயே கண்ணு முழிக்கட்டும்,” என்றாள். “சொன்ன வாயி எங்க வீட்டுத் தண்ணியில கொப்பளிக்கட்டும்.”

முழித்தார்கள். வீடு அவர்களுக்காக ஓர் அங்குலமும் பெரிதாகவில்லை, அந்த அதிசயத்துக்கு அவ்வளவு தாராள மனசு இல்லை. அதனால் கட்டிலுக்கு அடியிலும் பரண்மேலும் கூரைமேலும் அடைந்து, மிச்சமானவர்கள் வாசல் தாண்டிச் சாக்கடை ஓரம்வரை கிடந்தார்கள். குமரகுரு சாட்சி என்பதால் வாசற்படியில் விழித்தார், சாட்சிக்கு உள்ளே இடம் கிடையாது. முதல் நாள் கூச்சல், இரண்டாம் நாள் போலீஸ், மூன்றாம் நாள், அதுவரை தூங்காமல் நைட் டியூட்டி பார்த்த போலீஸ் இன்ஸ்பெக்டரே மகன் சீட்டுக்காகக் கொடுத்த விலாசத்தின்படி துவைக்கிற கல்லில் விழித்ததால் புகார் வாங்க ஆளில்லாமல் போயிற்று. தூங்காமல் இருந்து பார்த்தார்கள், கண் அசந்த அடுத்த நொடி இங்கே. கொடைக்கானலுக்குப் போய்ப் படுத்தார்கள், விழித்தது இங்கே. காண்ட்ராக்டர் சிங்கப்பூர் விமானத்தில் ஏறி ஜன்னலோரம் தலை சாய்த்தார், அவருடைய பெட்டி ஒழுங்காகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது, அவர் கிரைண்டருக்குத் திரும்பி வந்தார்.

தெரு இதற்கெல்லாம் வெகு சீக்கிரம் பழகிவிட்டது. விடியலில் ஆட்டோக்காரர்கள் வரிசை கட்டி நின்று பொன்னகர், பொன்னகர் என்று கூவினார்கள். டீக்கடைக்காரர் சர்க்கரை இல்லாத டீ போடக் கற்றுக்கொண்டார். சோலையம்மாளின் புருஷன் தவமணி, லோடு ஆட்டோ ஓட்டுகிற சாதுவான மனுஷன், எழுந்ததும் மேனேஜருக்குப் பரணிலிருந்து இறங்கக் கைகொடுத்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போனார். பக்கத்து வீட்டுச் சிட்டம்மா, தன் பேரனுக்கும் இடம் கிடைக்காத வயிற்றெரிச்சலில், தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் எந்தப் பக்கம் புரண்டு படுத்திருக்கிறார்கள் என்று தெருவுக்கு ஒலிபரப்பினாள்.

ஊருணித் தெருவுக்கென்று சில சட்டங்கள் உண்டு. குழாயில் தண்ணீர் வந்தால் வீட்டுக்கு ஐந்து குடம், வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஐந்துதான். சாக்கடை அள்ளுவது மட்டும் தலைக்கணக்கு, தெருவில் தூங்கி எழுகிற பெரிய ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. சோலையம்மாள் இந்த இரண்டு சட்டத்தையும் ஓர் எழுத்து பிசகாமல் அவர்கள்மேல் நடத்தினாள். ஐந்து குடத்தில் அத்தனை பேரும் வாய் கொப்பளிக்க வேண்டும், டாக்டருக்கு ஒரு டம்ளர் என்றால் இன்ஸ்பெக்டருக்கும் ஒரு டம்ளர். அப்புறம் மண்வெட்டி. நகைக்கடைக்காரர் மோதிரங்களைக் கழற்றி மனைவி சுபத்ராவிடம் கொடுத்துவிட்டுச் சாக்கடையில் இறங்கியதையும், இறங்கிய வேகத்தில் வாந்தி எடுத்ததையும் சோலையம்மாள் வாசலில் நின்று கடைசிவரை பார்த்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பாவம் என்று தோன்றவில்லை, தோன்றவேண்டும் என்றும் தோன்றவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு மட்டும் சுடச்சுட இட்லி கொடுத்தாள், பிள்ளைகள் பொய்க் கையெழுத்துப் போடவில்லையே. கனிஷ்கா அவர்களோடு கல்லாங்காய் விளையாடினாள்.

வாரக் கடைசியில் பல் டாக்டர் தாங்கமுடியாமல் மகனை மதில் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கி வேறு எங்கோ சேர்த்தார். மறுநாள் கால்மாடு காலி. அவர் தன் வீட்டு மெத்தையிலேயே கண் விழித்து ஓவென்று அழுதார் என்று ஆட்டோக்காரர்கள் சொன்னார்கள். இதுதான் மருந்து என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சோலையம்மாள் கனிஷ்காவுக்குத் தலைவாரிப் பொட்டு வைத்து, காலியான அந்த இடத்தைக் கேட்க ஓடினாள். ராஜரத்தினம் இனிக்க இனிக்கச் சிரித்தார், காத்திருப்போர் வரிசையிலிருந்து அந்த இடத்தை அப்போதே நிரப்பிவிட்டாராம். அடுத்த நாள் விடியலில் அவள் கால்மாட்டில் ஒரு புது ஜவுளிக்கடைக்காரர் கொட்டாவி விட்டார்.

அப்போதுதான் அவளுக்கு வயிறு எரிந்தது. மற்றவர்கள் யாரும் டாக்டர் வழியில் போகவில்லை. காலையில் ஒரு மணி நேரம் நாற்றம், அதற்குப் பதில் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க மதில் பள்ளிக்கூடத்துப் பேர் என்று அவர்கள் மனதுக்குள் தராசு பிடித்துப் பார்த்தார்கள், தராசு பள்ளிக்கூடத்துப் பக்கம் சாய்ந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு தூங்கப் பழகினார்கள். குளிர்ந்த தண்ணீர் கேனை முன்கூட்டியே டீக்கடையில் வாங்கிவைத்தார்கள். சாக்கடை முறைக்குக் கூலியாள் அனுப்பலாமா என்று கேட்டார்கள். தூங்கி எழுந்தவன்தான் அள்ளவேண்டும் என்று சோலையம்மாள் சொல்லிவிட்டாள். ஆனாலும் அவளுடைய சாபத்தை அவர்கள் ஒரு காலை நேரத்து உடற்பயிற்சிபோல ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது.

இடம் கிடைக்காத வேறு தெருக்காரர்கள் எழுதிப்போட்ட மனுவின்பேரில் விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. வரப்போகிறவர் எமிலி ஜெயமணி என்கிற கல்வி அதிகாரி, நேரில் பார்க்காமல் எதையும் நம்பாதவர், நேரில் பார்த்ததை மாற்றி எழுதாதவர். அவர் கேட்கப்போவது ஒரே கேள்வி, இவர்கள் இந்த வீட்டில் குடியிருக்கிறார்களா இல்லையா. வீட்டுக்காரி சொல்வதுதான் முடிவு.

அன்று மாலையே சுபத்ரா ஒரு தாம்பாளத்தில் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவும் வைத்துக்கொண்டு வந்தாள். எல்லாருக்குமாகப் பேச வந்திருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வருஷம் கனிஷ்காவுக்கு எப்படியாவது பார்க்கலாம் என்றாள். அவள் போனதும் சிட்டம்மா வந்தாள், தெருவே பின்னால் வந்தது. இல்லை என்று சொல்லித் தொலை, அத்தனை பேர் சீட்டும் பறிபோகட்டும் என்றார்கள்.

சோலையம்மாள் மாவைக் கரைத்துக்கொண்டே யோசித்தாள். இல்லை என்றால் இவர்கள் பிள்ளைகளை இன்னொரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு ஏசி போட்டுத் தூங்குவார்கள். காலியான இடத்தை நிரப்புகிறவர் அதே ராஜரத்தினம், நிரம்புகிறவர்கள் அதே வரிசை. கனிஷ்கா மறுபடியும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அடுத்தவர் பேருக்குப் பிரசன்ட் சொல்லுவாள். பொய் சொன்னவர்களைப் பொய்யிலிருந்து விடுவிப்பதற்கா மண்ணை அள்ளினாள்?

எமிலி ஜெயமணி விடியலில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து உள்ளே வந்து, பரணை அண்ணாந்து பார்த்தார், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார், எழுந்து உட்கார்ந்தவர்களின் முகத்தையும் போட்டோவையும் ஒத்துப் பார்த்தார். ஆச்சரியப்படுவது அவர் வேலையில் சேர்த்தி இல்லை. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது.

“ஆமா மேடம்,” என்றாள் சோலையம்மாள். “இவுக எல்லாம் இந்த வீட்டு ஆளுகதான். இங்கதான் இருக்காக. வேற எங்கயும் இல்ல, இங்க மட்டுந்தான் இருக்காக.”

சுபத்ரா கையெடுத்துக் கும்பிட்டாள். சிட்டம்மா காறித் துப்பிவிட்டு, பட்டுச்சேலைக்கு விலைபோனவள் என்று நாலு பேர் காதில் விழச் சொன்னாள். சோலையம்மாள், தொடாமல் வைத்திருந்த அந்தத் தாம்பாளத்தைக் கொண்டுபோய் சுபத்ராவின் கையிலேயே கொடுத்தாள். அதிகாரி தான் பார்த்ததை எழுதினார், முத்திரை குத்தினார், போனார். குடித்தனக்காரர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு ஆட்டோ ஏறினார்கள்.

மத்தியானத்துக்குள் அதே ஆட்டோக்களில் திரும்பி வந்தார்கள். நகைக்கடைக்காரரின் சாவி அவர் வீட்டுப் பூட்டில் நுழையவில்லை, அவர் வளர்த்த நாய் அவரையே கடிக்க வந்தது, மாடியிலிருந்து எட்டிப் பார்த்த அவருடைய அப்பா யாருப்பா நீ, வசூலுக்கா என்று கேட்டார். மேனேஜருடைய வீட்டு லிஃப்ட் அவர் ஏறியதும் நகர மறுத்தது. இன்ஸ்பெக்டர் குவார்ட்டர்ஸில் அவர் பேரைச் சொன்னபோது அப்படி ஒருவர் ஊருணித் தெருவில் இருப்பதாகக் கேள்வி என்றார்கள். சொன்ன விலாசம் இப்போது அவர்களுக்கு ஒரே விலாசம் ஆகிவிட்டது. வெயிலில், கையில் சாவிக்கொத்துகளோடு, பதினான்காம் நம்பர் வீட்டு வாசலில் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். சிட்டம்மா நாற்காலியைத் தூக்கிவந்து சோலையம்மாளுக்குப் போட்டுவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தாள். பேசியதற்கு அவள் கேட்ட மன்னிப்பு அதுதான்.

அதற்குப் பிறகு தராசு மறுபக்கம் சாய்ந்தது. மேனேஜர் அன்று சாயங்காலமே மகளை விலக்கினார், அவர் வீட்டு லிஃப்ட் அவரை ஏற்றிக்கொண்டது. அடுத்து காண்ட்ராக்டர், அடுத்து இன்ஸ்பெக்டர், ஜவுளிக்கடைக்காரர் வந்த சுவடே தெரியாமல் போனார். காலியான இடங்களுக்கு ராஜரத்தினம் காத்திருப்போர் வரிசைக்குப் போன் போட்டார். எங்கள் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்க வேண்டாம் சார் என்று சொல்லி ஒவ்வொருவராகப் போனை வைத்தார்கள். குமரகுரு மட்டும், சாட்சி என்பதால், கடைசி ஆள் போகிறவரை வாசற்படியிலேயே இருக்க வேண்டியிருந்தது.

கடைசி ஆள் சுபத்ரா. புருஷன் மன்றாடியும் கேட்காமல், மழை பிடித்துக்கொண்ட ஆனி மாதத்திலும் விடாமல் இருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே சாக்கடையில் இறங்கினாள், ஐந்து குடத்தில் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுத்தாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒரு நாள் சோலையம்மாளை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க பொண்ணுக்கு நீங்க ஆசப்பட்ட மாதிரிதானே எம் பொண்ணுக்கு நானும் ஆசப்பட்டேன்,” என்றாள். “அது அவ்ளோ பெரிய குத்தமா?”

“ஆசப்பட்டது குத்தமில்ல தாயீ,” என்றாள் சோலையம்மாள். “எங்க வீட்டுக் கதவத் தொறந்து, எம் பிள்ளையத் தள்ளிவிட்டுட்டு, அந்த எடத்துல உக்காந்தீகளே. பாத்துக்கிட்டே உக்காந்தீகளே.”

பார்க்கவில்லை, அப்போது இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதென்றே தெரியாது என்றாள் சுபத்ரா. அது உண்மையாகவும் இருந்தது. ஒரு நிமிஷம் சோலையம்மாளின் மனசு இளகத்தான் பார்த்தது. ஆனால் தெரியாமல் இருப்பதற்குத்தானே அவ்வளவு உயரத்தில் மதில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்ததும் மறுபடி இறுகிக்கொண்டது. இப்போது தெரிந்துவிட்டதில்லையா என்று மட்டும் கேட்டாள். சுபத்ரா மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் சாய்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனாள். குமரகுரு வாசற்படியிலிருந்து எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடினார்.

வகுப்பில் பிள்ளை இல்லாமல் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. ஆடி பிறப்பதற்குள் ராஜரத்தினம் ஊருணித் தெருவுக்குள் தானே நடந்து வந்து வீடு வீடாகக் கேட்டார். சிட்டம்மாவின் பேரன் சேர்ந்தான், தெருப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்தார்கள், முதல் பெயராகக் கனிஷ்காவின் பெயரை எழுதினார். சேர்க்கிற அன்று கேட் வாசலில் மஞ்சள் கரைத்த சொம்போடு அவரே காத்து நின்றார்.

“உங்க பிள்ளைதான் உள்ள வந்திருச்சேம்மா,” என்றார். “இனிமேலாவது அந்த மண்ணை எடுத்திருங்க. ஊரெல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போடவே பயப்படுது.”

சோலையம்மாள் சொம்பை வாங்கவில்லை. அடுத்த வருஷமும் தூரத்தை அளந்துதான் சேர்ப்பீர்களா என்று கேட்டாள். ஆமாம், அதுதானே விதி என்றார்.

“அளக்கிறது யாரு?”

“நாங்கதான்.”

“அப்ப அது கெடக்கட்டும்,” என்றாள் சோலையம்மாள், மகளின் முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பிவிட்டு, உளுந்து ஊறிக் கிடக்கிறது என்று வீட்டைப் பார்க்க நடந்தாள்.